மொட்டைமாடி காஸ்ட் ஷீட்

போன மாசம் ஹவுஸ் ஓனர் அண்ணாச்சி மாடிக்கு வந்தாங்க. கையை இடுப்புல வச்சுக்கிட்டு அந்த மூலையிலேர்ந்து இந்த மூலை வரைக்கும் ஒண்ணொண்ணா எண்ணினாங்க.

"இருபத்தாறு இருக்கு தாயி. பாதியக் கொறைங்க. கீழ சீலிங்ல ஓதம் எறங்குது."

கோபமாச் சொல்லல. அதான் கஷ்டமே. கோபமாச் சொல்லியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். கீழ போய்ப் பார்த்தா அவங்க படுக்கையறை சீலிங்ல இலங்கை மேப் மாதிரி ஒரு கறை. அதுக்கு நேர் மேல எங்க தக்காளிப் பைகள். தப்பு நம்ம மேலதான்.

முன்கதை தெரியாதவங்களுக்கு: நாங்க இருக்கிறது தென்காசி டவுன்ல ஒரு பழைய வீட்டு மாடி. அம்மா, ஆச்சி, நான். நான் பி.காம். மூணாவது வருஷம். ஒன்பதாம் கிளாஸ், பத்தாம் கிளாஸ் ரெண்டையும் பரீட்சையே எழுதாம பாஸ் பண்ணின கொரோனா கூட்டத்தைச் சேர்ந்தவ (அதனால இந்தக் கணக்குல தப்பு இருந்தா ஆச்சரியப்படாதீங்க). எங்களுக்குன்னு மண் ஒரு சாண் கூடக் கிடையாது. இருக்கிறது மொட்டைமாடி மட்டும்தான். ஆச்சி அதைத் 'தட்டட்டி'ன்னுதான் சொல்லுவா. அதுலதான் இருபது குரோ பேக், ஆறு பெயிண்ட் வாளி. மொத்தம் இருபத்தாறு. அண்ணாச்சி சரியாத்தான் எண்ணியிருக்காங்க.

இதுல எந்தப் பதிமூணைத் தூக்குறது?

வேற வீடா இருந்தா கண்ணுக்குப் பிடிச்சதை வச்சுக்கிட்டு மத்ததைக் கொடுத்திருப்பாங்க. காமர்ஸ் படிக்கிற பொண்ணு இருக்கிற வீடாச்சே. 'காஸ்ட் ஷீட் போட்டுருவோம்மா'ன்னு சொல்லிட்டேன். எந்தச் செடி நஷ்டமோ அது வெளிய. சிம்பிள்.

மாடித்தோட்டம் போட்டா காய்கறிச் செலவே இல்லன்னு சொல்ற வீடியோ எல்லாரும் பார்த்திருப்பீங்க. சிரிச்ச முகத்தோட ஒருத்தர் கூடை நிறைய கத்தரிக்காயோட நிப்பாரு. அந்தக் கூடைக்கு என்ன செலவாச்சுன்னு ஒருத்தராவது சொல்றாங்களா? நான் சொல்றேன். 2024 ஜூன்லேர்ந்து 2025 மே வரைக்கும் ஒரு வருஷக் கணக்கு. ஜூன்ல ஏன் ஆரம்பிக்கிறேன்னா, எங்க ஊருக்கு வருஷம் பொறக்கிறதே சாரல்லதான்.

பை ஒண்ணு 60 ரூபான்னு இருபது பை, 1200. வெயில்ல மூணு வருஷம் தாங்கும்னு வச்சு, நேர்கோட்டு முறையில தேய்மானம் 400. தென்னை நார்க்கழிவுக் கட்டி ரெண்டு 360. மண்புழு உரம் 600. வேப்பம்புண்ணாக்கு 250. விதை, நாத்து 340. கயிறு, மூங்கில் குச்சி 200. வேப்பெண்ணெய் 150. ஆக 2300. பெயிண்ட் வாளி ஓசி. தண்ணிக்குக் கணக்கு வைக்கல.

வரவு? பறிக்கிற அன்னிக்கு மார்க்கெட்ல என்ன விலையோ அந்த விலையில எழுதினேன். கீரை 46 கட்டு, 690 ரூபா. கத்தரி 9 கிலோ, 360. வெண்டை 5 கிலோ, 200. அவரை 240. பச்சை மிளகாய் 120. தக்காளி ஆறரைக் கிலோ, 195. புதினா, கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து 150. மொத்தம் 1955.

நஷ்டம் 345 ரூபா.

இதுல அம்மாவோட உழைப்பு சேரல. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், மணிக்கு வெறும் 50 ரூபான்னு போட்டாக்கூட வருஷத்துக்கு 18,250. அதைச் சேர்த்தா காஸ்ட் ஷீட்டைக் கிழிச்சுப் போட வேண்டியதுதான். ஒரு வேடிக்கை சொல்றேன். நாட்டு வருமானம் கணக்கிடுற உலக நடைமுறைப்படி, வீட்டுச் சாப்பாட்டுக்குன்னு நாமளே விளைவிச்ச காயும் உற்பத்தியிலதான் சேரும். அந்தக் காயைப் பறிச்சு நறுக்கிக் குழம்பு வைக்கிற வேலை சேராது! 2019ல நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யறவங்கள்ல பெண்கள் ஒரு நாளைக்கு சராசரியா 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம் செய்யறாங்கன்னு வந்துச்சு. கத்தரிக்கா ஜிடிபி, கத்தரிக்காக் குழம்பு ஜிடிபி இல்ல. இதை கிளாஸ்ல சொன்னப்ப யாருமே சிரிக்கல. எனக்கு மட்டும் சிரிப்பா வந்துச்சு.

சரி, எங்க நஷ்டம் எங்க போச்சுன்னு பார்த்தா முதல் குற்றவாளி தக்காளி. ஆறு பை. பொருள் செலவு மட்டும் சுமார் 600. வந்தது ஆறரைக் கிலோ. அப்ப கிலோ 92 ரூபா அடக்கம். அந்த 92 ரூபாத் தக்காளியை நாங்க பறிச்ச நாள்ல மார்க்கெட் விலை முப்பது. இங்கேர்ந்து பத்து கிலோமீட்டர் கிழக்கே பாவூர்சத்திரம் மார்க்கெட்ல மூட்டை மூட்டையா வந்து இறங்குது, நாங்க மாடியில ஒண்ணு ஒண்ணா எண்ணிக்கிட்டு இருக்கோம்.

'விலை ஏறும்போது லாபம்தானே'ன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். 2023 ஜூலையில தக்காளி நூறைத் தாண்டிப் போய், சென்னையில ரேஷன் கடையில வச்சு 60 ரூபாய்க்கு வித்தாங்களே, ஞாபகம் இருக்கா? அப்ப எங்க செடியில ஒரு காய் கூட இல்ல. எங்க ஊருல ஜூலைன்னா சாரல். வெளியூர்க்காரங்களுக்கு அது சுகம். தக்காளிக்கு அது சாவு. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் கேக்கிற செடி அது. இங்க ஆரியங்காவு கணவாய் வழியா மேகம் வந்து வாரக்கணக்கா மூடிக்கும். இலை காயவே காயாது. புள்ளி விழும், பழுக்கும், உதிரும். பத்தாததுக்குக் காத்து. அந்தக் கணவாய்க் காத்தை நம்பித்தான் சுரண்டை, ஆலங்குளம் பக்கமெல்லாம் காத்தாடி நட்டு கரண்ட் எடுக்கறாங்க. அதே காத்து எங்க மாடியில வந்து அவரைப் பந்தலைத் தூக்கி அடுத்த வீட்டு டிஷ் ஆன்டெனா மேல போட்டுச்சு. ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்றாங்களே, அது மத்த ஊருக்கு. இந்த மாடியில ஆடியில கீரை விதைச்சா விதை ஒரு மூலையில ஒதுங்கி அழுகும். ஆவணி கடைசியில விதைக்கணும். நல்லாக் காய்க்கிறது தைக்கு அப்புறம்தான். இதைப் புரிஞ்சுக்க எங்களுக்கு மூணு வருஷம் ஆச்சு.

ரெண்டாவது குற்றவாளி நான்.

போன வருஷம் சீசன்ல குற்றாலம் போனேன். இங்கேர்ந்து அஞ்சாறு கிலோமீட்டர்தான். டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்ல, அதனால நெனச்ச நேரம் போகலாம். அருவிக்குப் போற வழியெல்லாம் பழக்கடை. மங்குஸ்தான், ரம்புட்டான், டுரியான். வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணுல படுற பழங்க. குற்றாலத்துக்கு இந்த வெளிநாட்டு மரங்க வந்த கதை பெருசு. 1800ஐ ஒட்டி கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்க இங்க வாசனைப் பொருள் தோட்டம் போட்டாங்க. ஜாதிக்கா, கிராம்பு, பட்டை எல்லாம். டச்சுக்காரங்க கைக்குள்ள வச்சிருந்த வியாபாரத்தை நம்ம மலையடிவாரத்துல வளர்த்துப் பார்க்கலாம்னு ஒரு கணக்கு. இப்பவும் ஐந்தருவிக்குப் பக்கத்துல தோட்டக்கலைத் துறைப் பண்ணை இருக்கு. அங்க இருக்கிற அருவிக்கே பழத்தோட்ட அருவின்னுதான் பேரு.

இதெல்லாம் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருந்தப்ப ஒருத்தர் மங்குஸ்தான் கன்னு வித்தாரு. 250 ரூபா. வாங்கிட்டேன். பஸ்ல மடியில வச்சுக் கொண்டு வந்தேன். மங்குஸ்தான் விதைக்கன்னு காய்க்கவே ஏழெட்டு வருஷத்துக்கு மேல ஆகும், சின்ன வயசுல நிழல் வேணும், ஈரக்காத்து வேணும். இதெல்லாம் நான் அப்புறமாத்தான் படிச்சேன். அஞ்சு கிலோமீட்டர்தான் தூரம், ஆனா மலை நிழலுக்கும் சிமெண்ட் தளத்துக்கும் நடுவுல இருக்கிற தூரம் வேற. புரட்டாசி வெயில் ஒரு பத்து நாள் அடிச்சுது. இலை ஓரமாக் கருகி, அப்புறம் முழுசாக் கருகி, குச்சியாச்சு.

அந்த 250ஐ நான் மேல 2300ல சேர்க்கல. அது வழக்கத்துக்கு மாறான நஷ்டம், நேரா காஸ்டிங் லாப நஷ்டக் கணக்குக்குப் போகணும், உற்பத்திச் செலவுல சேராது. பாடப் புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. அம்மாகிட்ட இதை விளக்கினேன். "அப்படியா"ன்னா. அந்த 'அப்படியா'வை எழுத்துல கொண்டு வர முடியாது.

இப்போ அப்பாவைப் பத்திச் சொல்லணும். தோட்டம் ஆரம்பிச்சதே அவங்கதான். அரிசி மில்லுல கணக்கு எழுதிக்கிட்டு இருந்தாங்க. 2020 லாக்டவுன்ல வீட்டுல சும்மா இருக்க முடியாம ஆரம்பிச்சாங்க. சென்னை, கோவையில 2013லேயே தோட்டக்கலைத் துறை 'நீங்களே செய்து பாருங்கள்'னு மானியத்துல பை, விதை எல்லாம் சேர்த்துக் கொடுத்ததைப் பத்தி எங்கேயோ படிச்சு கட் பண்ணி வச்சிருந்தாங்க. எங்க ஊருக்கு யாரு கொடுப்பா? அரிசிச் சாக்கை மடிச்சுத் தைச்சாங்க. தேங்கா மட்டை அடிக்கிற இடத்துல போய் நார்த்தூளை அப்படியே அள்ளிட்டு வந்து நிரப்பினாங்க. செடியெல்லாம் மஞ்சளாப் போச்சு. ஏன்னு அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் பிடிபடல. மக்காத நார்த்தூள்ல கார்பன் நைட்ரஜனைப் போல நூறு மடங்குக்கு மேல. அதை மக்க வைக்கிற நுண்ணுயிர் எல்லாம் சேர்ந்து செடிக்குப் போக வேண்டிய நைட்ரஜனைச் சாப்பிட்டுரும். உப்பும் இருக்கும். நல்லா அலசி, மக்க வச்சு, மண்ணும் உரமும் கலந்துதான் போடணும். இப்ப நாங்க மூணுல ஒரு பங்குக்கு மேல போடறதில்ல.

2021 மே மாசம் அப்பா போயிட்டாங்க. அது எந்த மேன்னு உங்களுக்கே தெரியும்.

அவங்க தோட்டத்துக்குன்னு ஒரு நோட்டு வச்சிருந்தாங்க. காஸ்ட் ஷீட் போடறதுக்காக இந்த மாசம்தான் அதை முழுசாப் புரட்டினேன். மில் கணக்கு மாதிரியே கோடு போட்டு, தேதி போட்டு, மணி மணியா எழுத்து. கத்தரி நாத்து 10 ரூபா, சணல் 15 ரூபா. எல்லாம் 'தோட்டம்'ங்கிற தலைப்புல. 2021 பிப்ரவரியில ஒரே ஒரு வரி மட்டும் தோட்டத்துல இல்லாம நோட்டோட கடைசிப் பக்கத்துல தனியா. 'பிச்சிப் பதியன் 1, ரூ. 40.' தலைப்பு: எடுப்பு.

கணக்குப் படிச்சவங்களுக்குச் சொல்ல வேண்டாம். மத்தவங்களுக்கு: முதலாளி தன் சொந்தத் தேவைக்குத் தொழில்லேர்ந்து எடுக்கிற பணம் எடுப்பு. அது தொழில் செலவு ஆகாது. லாப நஷ்டத்துலயும் வராது.

நான் அதைப் பார்த்துச் சிரிச்சுட்டு அடுத்த பக்கம் போயிட்டேன்.

பிச்சி தெரியும்ல? வெளியூர்ல ஜாதிமல்லின்னு சொல்லுவாங்க. மொட்டு வெளிப்பக்கம் லேசா ரோஸ் கலர்ல இருக்கும், சாயங்காலம் இருட்டுனதும் விரியும். கீழ தோவாளைப் பக்கம் ஏக்கர் கணக்குல போடறாங்க. சங்கரன்கோவில் பக்கம் மல்லி. எங்க வீட்டுல ஒரே ஒரு கொடி, இருபது லிட்டர் பெயிண்ட் வாளியில, கைப்பிடிச் சுவர் ஓரமா. மார்கழி நடுவுல கவாத்து பண்ணிவிட்டா சித்திரைக்கு மேல பூக்க ஆரம்பிச்சு சாரல்லயும் பூத்துக்கிட்டே இருக்கும், மழையில நனைஞ்ச மொட்டு மட்டும் பழுப்பாப் போகும். இருபத்தாறுலயும் கனமான வாளி அதுதான். வரவு பூஜ்யம்.

ஏன் பூஜ்யம்னா, அதை யாரும் விக்கல, யாரும் வைக்கல. அப்பா போனதுக்கு அப்புறம் அம்மா தலையில பூ இல்ல. வைக்கக் கூடாதுன்னு யாரும் அவகிட்ட வந்து சொல்லல. சொல்லாமலே நடக்கிற விஷயம்தானே அது. ஆச்சி, தாத்தா போனதுலேர்ந்து வைக்கிறதில்ல. நான் முடியைக் குட்டையா வெட்டிட்டேன், பூ நிக்காது.

அதனால என் லிஸ்ட்ல பதிமூணாவது பேரு பிச்சி. முதல் ஆறு தக்காளி, அப்புறம் மூணு அவரை, ரெண்டு மிளகாய், மங்குஸ்தான் குச்சி நிக்கிற பை, பிச்சி. லிஸ்ட்டை ஃபிரிட்ஜ்ல ஒட்டினேன். அம்மா அடுப்பை அணைச்சுட்டு வந்து படிச்சா.

"பிச்சி இருக்கட்டும்."

"அது பத்து பைசா வரவு இல்லம்மா. அதுதான் ரொம்பக் கனம். நம்ம வீட்டுல யாரு பூ வைக்கா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம்னு உறைச்சுது. ஆச்சி பட்டாசல்லேர்ந்து "ஏட்டி, வாயை மூடு"ன்னா. அம்மா "சாமி படத்துக்கு வேணும்ட்டி"ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிட்டா. அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடல. யாரும் கூப்பிடவும் இல்ல.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. பைகளைக் காலி பண்ற வேலை. தூக்கிப் போடுற மண்ணை மத்த பைக்கு மேலாகப் போடறதுக்காக, அடியில மக்கு உரம் போடுற பழைய ட்ரம்மைக் கவுத்தேன். ரெண்டு வருஷமா அதுல காய்கறித் தோலு, டீத்தூள், காஞ்ச இலைன்னு போட்டுக்கிட்டு இருக்கோம். மேல போடறது அம்மா வேலை, அள்ளுறதும் அவதான். நான் இதுவரை தொட்டதில்ல.

தோலு மக்கிருச்சு, இலை மக்கிருச்சு. வாழைநார் அவ்வளவு சீக்கிரம் மக்காது. கறுப்பு மண்ணுக்குள்ள துண்டு துண்டா வாழைநார். முடிச்சு முடிச்சா, பூக் கட்டின நாரு. ஒண்ணும் முழ நீளம் இல்ல, எல்லாம் ஒரு சாண், ஒன்றரைச் சாண். பத்து, இருபது, அதுக்கு மேல எண்ணல. சாமி படத்துக்குப் போட்டதா இருக்கும்னு நெனச்சேன். அப்புறம் ஒரு ஹேர்ப்பின் கிடைச்சுது, துருப்பிடிச்சு. அடியில இன்னொண்ணு.

சாமி படத்துக்கு ஹேர்ப்பின் எதுக்கு?

பிச்சி ராத்திரிப் பூ. விரியறதே எல்லாரும் படுத்த பிறகுதான். காலையில எல்லாரும் முழிக்கிறதுக்கு முன்னாடி அம்மா மாடிக்குத் தண்ணி விடப் போயிருவா.

நான் ஆச்சிகிட்ட போய் மெதுவாச் சொன்னேன். அவ வெத்தலை இடிச்சுக்கிட்டே தலையை நிமித்தாமச் சொன்னா: "எனக்குத் தெரியாதாக்கும்? ராத்திரி மணக்கும்லாட்டி. கனகாம்பரத்த வளத்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்காது."

"நீ ஏன் ஒண்ணும் கேக்கல?"

"என்னத்தக் கேக்கச் சொல்ற?"

அதுக்கு மேல அவ பேசல. நானும் கேக்கல. ஆச்சிக்கு நாப்பது வயசுலயே தாத்தா போயிட்டாங்க. அவ அப்ப எந்தப் பூச்செடி வச்சிருந்தாளோ.

ஹேர்ப்பினை மட்டும் எடுத்துட்டு நாரை எல்லாம் திரும்ப மண்ணுக்குள்ள போட்டேன். ஃபிரிட்ஜ்ல இருந்த லிஸ்ட்ல பிச்சியை அடிச்சுட்டு கறிவேப்பிலைன்னு எழுதினேன் (கறிவேப்பிலை கடையில கொசுறாவே தருவாங்க, அது நியாயமான வெட்டுதான்). பதிமூணு போச்சு. மிச்சம் பதிமூணுக்கும் அடியில செங்கல் வச்சுத் தூக்கி, தண்ணி தேங்காம ஓடுற மாதிரி வழி பண்ணியிருக்கோம். பை தரையில ஒட்டி இருந்தா அடி ஓட்டை அடைச்சுக்கிட்டு, தளம் காயவே காயாது. இதை முதல்லயே செஞ்சிருந்தா அண்ணாச்சி மாடி ஏறியிருக்கவே மாட்டாங்கன்னு இப்பத் தோணுது. அவங்க வந்து பார்த்துட்டு, "அந்தக் கொடி காத்துக்குச் சாயாம கட்டு தாயி"ன்னு சொல்லிட்டுப் போனாங்க.

காஸ்ட் ஷீட்டை இப்ப திருத்தியாச்சு. பிச்சிக்கான உரம், கயிறு, வாளி எல்லாம் அப்பா எழுதின தலைப்புக்கே மாத்தி எழுதிட்டேன். நஷ்டம் 345லேர்ந்து 310 ஆச்சு.

இதையெல்லாம் எழுதலாமான்னு அம்மாகிட்ட கேக்காம எழுதல. நேத்து சாயங்காலம் கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தப்ப கேட்டேன். எதைப் பத்தின்னும் சொன்னேன், ஹேர்ப்பினையும் காட்டினேன். கொஞ்ச நேரம் கீரையையே பார்த்துக்கிட்டு இருந்தா. காது வரைக்கும் சிவந்துருச்சு. அப்புறம் ஹேர்ப்பினை வாங்கித் துணியில துடைச்சுப் பார்த்துட்டு, "துரு போகாது"ன்னா.

"எழுதட்டுமாம்மா?"

"எழுது. பேரு போடாத." கீரைக் காம்பை முறத்துல தள்ளிட்டு, "அந்த மங்குஸ்தானுக்கு எரநூத்தம்பது ரூவா குடுத்துட்டு வந்தியே, அதையும் எழுது"ன்னா.